சையான் சப்வேயில் இறங்கப் போகிறீர்களா? கயிறு வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

யூட்டா மாநிலத்தின் சையான் தேசியப் பூங்காவில் சப்வே என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. லெஃப்ட் ஃபோர்க் என்னும் ஓடை மணற்பாறையை அறுத்துக்கொண்டே போய், ஓரிடத்தில் சுரங்க ரயில் பாதை மாதிரி உருண்டையாகக் குடைந்து வைத்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பெயர். கீழிருந்து நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பலாம். அல்லது மேலிருந்து கயிறு கட்டி இறங்கி, குளங்களில் நீந்தி, கீழ்ப்பக்கமாக வெளியே வரலாம். நான் எழுதப் போவது இந்த இரண்டாவது வழியைப் பற்றி.

நாங்கள் ஐந்து பேர் ஒரு செப்டம்பர் கடைசியில் போனோம். மாலை ஆறு மணிக்கு வெளியே வந்திருக்க வேண்டியவர்கள் இரவு பத்து மணிக்கு வந்தோம். யாருக்கும் அடிபடவில்லை, கயிற்றில் ஒரு தவறும் நடக்கவில்லை. சொதப்பியதெல்லாம் பர்மிட், கடிகாரம், கார்ச் சாவி போன்ற சில்லறை விஷயங்களில். உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. உங்களுக்கு ஏற்ற பள்ளத்தாக்குதானா என்று பாருங்கள்

அமெரிக்காவில் இந்த இடுக்குப் பள்ளத்தாக்குகளுக்கு ஒரு தர வரிசை உண்டு. முதல் எண் 1 முதல் 4 வரை: 1, 2 என்றால் நடையும் கை ஊன்றி ஏறி இறங்குவதும், 3 என்றால் கயிறு வேண்டும், 4 அனுபவசாலிகளுக்கு. அடுத்து எழுத்து: ஏ என்றால் அநேகமாகத் தண்ணீர் இல்லை, பி என்றால் தேங்கிய தண்ணீரில் இறங்கவோ நீந்தவோ வேண்டும், சி என்றால் ஓடும் தண்ணீர். கடைசியில் ரோமன் எண்ணில் நேரம்: ஒன்று என்றால் சில மணி நேரம், மூன்று என்றால் பகல் முழுவதும். மேலிருந்து இறங்கும் சப்வேயைப் பொதுவாக 3-பி, ரோமன் மூன்று என்பார்கள். கயிறு, குளிர்ந்த தண்ணீர், முழு நாள், மூன்றும் உண்டு.

இதில் நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் தண்ணீரில். கயிற்றை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம், நீச்சலைக் கற்றுக்கொள்ள முடியாது. குழுவில் ஒருவருக்கு நீச்சல் தெரியாது என்றால், லைஃப் ஜாக்கெட் போட்டு இழுத்துப் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சில குளங்களில் கால் எட்டாது, இரு பக்கமும் சுவர், பிடித்து நிற்க ஒன்றும் கிடையாது. அவர்களுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. சையானிலேயே நேரோஸ் என்ற பள்ளத்தாக்கைக் கீழிருந்து நடந்து பார்க்கலாம், அன்றே திரும்புவதானால் பர்மிட் தேவையில்லை. யூட்டாவிலேயே எஸ்கலாண்டே என்ற ஊர்ப் பக்கம் பீக்கபூ, ஸ்பூக்கி என்று இரண்டு இடுக்குகள் உண்டு. அங்கேயும் கயிறு வேண்டாம். ஆனால் ஸ்பூக்கியில் சில இடங்களில் பாறைகளுக்கு நடுவே ஓரடிகூட இடைவெளி இருக்காது. முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் நகர வேண்டும். தொப்பை விஷயத்தில் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

படங்களில் ஒளி விழுதாக இறங்கும் ஆன்டலோப் பள்ளத்தாக்கு அரிசோனாவில், நவஹோ மக்களின் நிலத்தில் இருக்கிறது. வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். அது சுற்றுலா, அதைப் பார்த்துவிட்டு இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

2. மாதத்தை முடிவு செய்யுங்கள்

குளிர்காலத்தில் மேல் வாசலுக்குப் போகும் கோலோப் டெரஸ் சாலையின் மேல் பகுதியில் பனி அள்ளுவதில்லை. வசந்தத்தில் பனி உருகித் தண்ணீர் அதிகமாகவும் மிகக் குளிராகவும் இருக்கும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை பருவமழை; அதுதான் திடீர் வெள்ளக் காலம். மிஞ்சுவது ஜூனும், செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரையும். எல்லோரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள், அதனால் பர்மிட்டுக்கு அடிதடியும் அப்போதுதான். இலையுதிர்காலத்தில் போனால் பகல் சுருங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. பர்மிட்

கயிறு வேண்டிய எல்லாப் பள்ளத்தாக்குகளுக்கும் சையானில் பர்மிட் கட்டாயம். சப்வேக்குக் கீழிருந்து நடந்து போவதானாலும் வேண்டும். ஒரு நாளைக்கு 80 பேர்தான். ரிக்ரியேஷன்.காவ் (recreation.gov) என்ற அரசு முன்பதிவுத் தளத்தில் முன்கூட்டியே ஒரு குலுக்கல், பயண நாளை ஒட்டிக் கடைசி நேரக் குலுக்கல் ஒன்று என்று நடத்துகிறார்கள். நாங்கள் போட்டபோது விண்ணப்பத்துக்கு 6 டாலர், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. கிடைத்த பிறகு தலைக்கு 10 டாலர். தேதிகளும் கட்டணமும் மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் அந்தத் தளத்தையே பாருங்கள். பழைய வீடியோக்களை நம்பாதீர்கள்.

சில பொறிகள்:

வார நாளாகக் கேளுங்கள். சனிக்கிழமைக்கு மட்டும் விண்ணப்பித்து ஆறு டாலர் ஆறு டாலராகத் தானம் செய்த நண்பர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் செவ்வாய்க்கிழமை கேட்டோம், இரண்டாவது தடவையில் கிடைத்தது.

ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் கூடாது. பதினான்கு பேர் இருக்கிறோம், ஏழு ஏழாகப் பிரித்து இரண்டு பர்மிட் எடுக்கலாம் என்ற யோசனை நம் கூட்டங்களில் கண்டிப்பாக வரும். ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் பிரிந்து போனாலும் ஒரே நாளில் ஒரே பள்ளத்தாக்கில் 12 பேரைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி.

எல்லாவற்றையும் விட முக்கியம்: முன்பதிவு வேறு, பர்மிட் வேறு. மின்னஞ்சலில் வருவது முன்பதிவு மட்டுமே. அதைக் காட்டிப் பர்மிட்டை வாங்க வேண்டும். நேரில் வாங்குவதானால் ஸ்பிரிங்டேல் ஊரை ஒட்டிய பார்வையாளர் மையத்தில் இருக்கும் வில்டர்னஸ் டெஸ்க்குக்குப் போக வேண்டும்; திறக்கும், மூடும் நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும்.

பர்மிட் போகப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் தனி. காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலரில் ஆண்டுப் பாஸ் உண்டு. 2026 ஜனவரியிலிருந்து ஒரு மாற்றம்: அமெரிக்காவில் வசிக்காதவர்கள் சையான் உட்பட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும், 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கிடையாது. அவர்களுக்கான ஆண்டுப் பாஸ் 250 டாலர். ஊரிலிருந்து தம்பியோ மச்சானோ வந்து சேர்ந்துகொள்வதாக இருந்தால் இதைக் கணக்கில் வையுங்கள். இங்கே வசிப்பவர்கள் எல்லோரும் ஓட்டுநர் உரிமத்தைக் கையில் எடுத்துப் போங்கள்.

4. கயிற்றைக் கற்றுக்கொள்ளுங்கள்

"பணம் கொடுத்தால் வழிகாட்டி கூட வருவார்" என்று நினைத்துத்தான் நாங்கள் ஆரம்பித்தோம். வரமாட்டார். சையான் பூங்காவுக்குள் கயிறு கட்டி இறங்கும் பள்ளத்தாக்குகளுக்கு வணிக வழிகாட்டிகளை அனுமதிப்பதில்லை. ஸ்பிரிங்டேலில் இருக்கும் நிறுவனங்கள் பூங்காவுக்கு வெளியே இருக்கும் பள்ளத்தாக்குகளுக்குத்தான் அழைத்துப் போவார்கள். அங்கேயே பாடமும் நடத்துவார்கள். எங்களுக்கு ஒரு நாள் பாடத்துக்குத் தலைக்கு 200 டாலர் அளவில் ஆனது. மொத்தச் செலவில் நான் கொஞ்சமும் வருத்தப்படாத தொகை அதுதான். ஐந்து பேரில் இரண்டு பேராவது இதை முடித்திருக்க வேண்டும். ஒருவர் போதாதா என்றால், அந்த ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் என்ன செய்வீர்கள்?

பாடத்தில் மனதில் பதிய வேண்டிய விஷயம் ஒன்று. சப்வேயில் மிக உயரமான இறக்கமே சுமார் 30 அடிதான். ஆனாலும் 60 அடிக் கயிறு கொண்டு போகச் சொல்கிறார்கள். கயிற்றை மேலே பொருத்தியிருக்கும் வளையத்துக்குள் விட்டு இரட்டையாகத் தொங்கவிட்டு இறங்கி, கடைசி ஆள் வந்ததும் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் கீழே கொண்டுவர வேண்டும் என்பதற்காக. அப்படி இழுத்த பிறகு மேலே திரும்பிப் போக வழி கிடையாது. முதல் பெரிய பாறையில் கயிறு உருவப்பட்டுச் சளக் என்று தண்ணீரில் விழும் சத்தம் கேட்டதும் எங்கள் குழுவில் பேச்சு நின்றுவிட்டது. ஆகவே வானம், நேரம், ஆட்களின் நிலை பற்றிய சந்தேகம் எதுவானாலும் அதற்கு முன்பே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

5. இரண்டு கார்

மேல் வாசலான வைல்ட்கேட்டில் நுழைந்து, சுமார் ஒன்பதரை மைல் தாண்டி, கீழ் வாசலான லெஃப்ட் ஃபோர்க்கில் வெளியே வருகிறீர்கள். இரண்டும் கோலோப் டெரஸ் சாலையில்தான். வர்ஜின் என்ற சின்ன ஊரிலிருந்து வடக்கே ஏறும் சாலை. கீழ் வாசல் ஏறக்குறைய எட்டாவது மைலில், மேல் வாசல் பதினாறாவது மைல் வாக்கில். பூங்காவின் இலவசப் பேருந்து இந்தப் பக்கம் வராது. ஒரு காரைக் கீழே நிறுத்திவிட்டு இன்னொன்றில் மேலே போக வேண்டும், அல்லது தனியார் வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஒரே காரில் வந்துவிட்டு "யாராவது லிஃப்ட் கொடுப்பார்கள்" என்றால், இருட்டிய பிறகு அந்தச் சாலையில் வண்டியே வராது.

கீழே நிற்கும் காரின் சாவி உங்களோடு பள்ளத்தாக்குக்குள் வர வேண்டும். சிரிக்காதீர்கள், இதன் மீதிக் கதை பின்னால் வருகிறது.

6. சாமான்கள்

கயிறு, இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டையான ஹார்னஸ், ஹெல்மெட், இறங்கும் கருவி, பூட்டுள்ள காரபினர்கள் (கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கிகள்): பாடத்தில் பயன்படுத்திய அதே வகையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக இணையத்தில் வாங்கி அங்கே போய்ப் பிரிக்க வேண்டாம்.

குளிர்ந்த தண்ணீரில் உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடையான வெட்சூட்டை வாடகைக்கு எடுங்கள். வெளியே வெயில் 35 டிகிரி இருக்கும், கடைக்காரர் தடித்த சூட்டைக் கையில் கொடுப்பார், இது எதற்கு என்று தோன்றும். வெயிலே படாத இடுக்கில் தேங்கிய தண்ணீர் அது. ஜூன் மாதத்திலும் பல் கிட்டும். வெட்சூட், பிடிப்புள்ள காலணி, தண்ணீர் புகாத பை எல்லாம் சேர்த்து எங்களுக்குத் தலைக்கு 50 டாலருக்குள் முடிந்தது. பருத்தித் துணி எதையும் போடாதீர்கள். நனைந்த ஜீன்ஸோடு ஒரு நாள் முழுக்க நடந்து பார்த்தவர் இரண்டாம் முறை போடமாட்டார்.

தண்ணீர் தலைக்கு நாலு லிட்டர், காரிலிருந்தே. ஓடைத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாம் என்று திட்டமிடாதீர்கள்; 2020 முதல் இந்தப் பூங்காவின் ஓடைகளில் நச்சு நீலப்பசும்பாசி பற்றி எச்சரிக்கை இருக்கிறது, சாதாரண வடிகட்டி அந்த நச்சை நீக்காது. சாப்பாட்டுக்குப் புளியோதரையும் சப்பாத்தி ரோலும் கொண்டு போனோம். புளியோதரை இருந்த டப்பாவுக்குள் குளத்துத் தண்ணீர் புகுந்தது. சப்பாத்தி பிழைத்தது.

ஆளுக்கொரு தலைவிளக்கு, பகலிலேயே முடித்துவிடுவோம் என்று உறுதியாக இருந்தாலும். மலம் அள்ளிக் கட்டும் பை. உள்ளே செல்போன் எடுக்காது என்பதால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று, வாடகைக்கும் கிடைக்கிறது. அப்புறம் காப்பீடு: ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் பில் பல ஆயிரம் டாலர் வரும். ஊரிலிருந்து வருபவர்களின் பயணக் காப்பீட்டில் கயிறு கட்டி இறங்குவது போன்ற சாகசங்களை விலக்கியிருக்கிறார்களா என்று சின்ன எழுத்தைப் படியுங்கள்.

7. முந்தைய நாள்

லாஸ் வேகாஸிலிருந்து ஸ்பிரிங்டேல் சுமார் 160 மைல், மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். நெவாடாவிலிருந்து கிளம்பி, அரிசோனாவின் ஒரு மூலையை வெட்டிக்கொண்டு, யூட்டாவுக்குள் நுழைகிறீர்கள். யூட்டாவின் கடிகாரம் நெவாடாவை விட ஒரு மணி நேரம் முன்னால். செல்போன் தானாக மாறும், பழைய காரின் கடிகாரம் மாறாது. நாங்கள் காரின் கடிகாரத்தில் நாலேகால் என்று பார்த்து, நிதானமாக ஒரு காப்பி குடித்துவிட்டு டெஸ்க்குக்குப் போனோம். சாத்தியிருந்தது. எங்கள் தவறுதான், மறுநாள் காலை திறக்கும்வரை காத்திருந்து பர்மிட் வாங்கி, கீழே ஒரு காரை விட்டு, மேல் வாசலில் காலை வைக்கும்போது பதினொன்றரை. எட்டு மணிக்கே நடக்க ஆரம்பித்திருக்க வேண்டியவர்கள். அன்று இரவு நடந்த எல்லாவற்றுக்கும் இந்த மூன்றரை மணி நேரம்தான் காரணம்.

வானிலையை முந்தைய மாலையும் அன்று காலையும் பாருங்கள். சையானுக்கென்றே தேசிய வானிலைச் சேவை திடீர் வெள்ள அபாயத்தை நான்கு படிகளாகச் சொல்கிறது: எதிர்பார்க்கவில்லை, நடக்கலாம், நடக்க வாய்ப்பு அதிகம், நடக்கும். நான் வைத்துக்கொண்ட விதி எளிது: முதல் படியாக இருந்தால் மட்டும் போவது. டெஸ்க்கில் இருப்பவர் உங்களைத் தடுத்து நிறுத்துவார் என்று எதிர்பார்க்காதீர்கள். நிலவரத்தைச் சொல்வார், முடிவு உங்களுடையது. 2015 செப்டம்பர் 14 அன்று இதே பூங்காவின் கீஹோல் பள்ளத்தாக்கில் இறங்கிய ஏழு பேரும் வெள்ளத்தில் இறந்தார்கள். அவர்களிடம் பர்மிட் இருந்தது. கீஹோல் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் சின்ன இடம்.

தலைக்கு மேல் நீல வானம் தெரிவதையும் நம்ப வேண்டாம். 1997 ஆகஸ்டில் ஆன்டலோப்பில் 11 பேரை அடித்துப்போன வெள்ளத்தின் மழை பெய்தது அங்கே இல்லை, பல மைல் தள்ளி மேட்டில். பாறை தண்ணீரைக் குடிக்காது. மேட்டில் விழுந்ததெல்லாம் உங்கள் இடுக்கு வழியாகத்தான் வரும். உங்கள் ஊர் வானிலையை விட்டுவிட்டு மேட்டின் வானிலையைப் பாருங்கள்.

வீட்டில் ஒருவரிடம் பள்ளத்தாக்கின் பெயர், கார் எண்கள், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் பூங்காவை அழைக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். அம்மாவிடம் வேண்டாம், மத்தியானமே அழைத்துவிடுவார்.

8. உள்ளே

முதல் மூன்று மைல் நடை. தொடக்கத்தில் கொஞ்ச தூரம் பூங்காவின் பாதை உண்டு, பிறகு வெளிப்பாறை. அங்கே பாதை என்று எதுவும் இருக்காது. சின்னச் சின்னக் கல் அடுக்குகளைப் பார்த்துப் போக வேண்டும், அவற்றிலும் சில யாரோ விளையாட்டாக அடுக்கியவை. வழித்தடத்தைச் செல்போனில் முன்பே இறக்கி வையுங்கள், தாளிலும் ஒரு படி வையுங்கள். ரஸ்ஸல் ஓடையருகே செங்குத்தான சரிவில் பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்குவீர்கள். கொஞ்ச தூரத்தில் முதல் கயிறு. அதன் பிறகு குளம், பாறை, குளம். நடுவில் எப்போதோ வெள்ளத்தில் வந்து இடுக்கில் செருகிக்கொண்ட ஒரு மரத்தண்டு சுவரில் சாய்ந்து நிற்கும், எல்லோரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுப்பீர்கள்.

நடுங்குபவரை நிற்க வைக்காதீர்கள். ஒருவர் கயிற்றில் இறங்கும்போது மற்ற நாலு பேர் ஈரத்தோடு காத்திருப்பதில்தான் குளிர் பிடிக்கிறது. பேச்சு குழறினாலோ, காரபினரைத் திருகக் கை வராமல் போனாலோ, உடனே வெயில் படும் இடத்துக்குக் கொண்டுபோய் எதையாவது சாப்பிடக் கொடுங்கள். சுரங்கப் பகுதியின் தரை பாசி பிடித்து எண்ணெய் தடவியது போல இருக்கும். குளங்களைத் தாண்டிய தெம்பில் அங்கே வழுக்கி விழுபவர்கள் அதிகம்.

9. வெளியே

கடைசிக் கயிறு முடிந்ததும் கை குலுக்கிக்கொள்வீர்கள். அவசரப்படாதீர்கள். இன்னும் மூன்று மைலுக்கு மேல் ஓடைக்கு இப்புறமும் அப்புறமுமாகப் பாறை தாண்டித் தாண்டி நடக்க வேண்டும். அதன் பிறகு வலப்பக்கச் சுவரில் சுமார் 400 அடி செங்குத்தாக ஏற வேண்டும். அந்த ஏறும் பாதையின் தொடக்கத்தில் ஒரு பலகை இருக்கிறது. இருட்டில் நாங்கள் அதைத் தாண்டி அரை மைல் கீழே போய்விட்டோம். செல்போனில் வழித்தடம் பார்த்த நண்பன்தான் திரும்ப அழைத்து வந்தான்.

மேலே ஏறிக் கார் நிறுத்தத்தை அடைந்தபோது மணி பத்து. சாவியை எடுத்தேன். தண்ணீர் புகாத பையின் வாயை மூன்று மடிப்பு மடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், நான் ஒரு மடிப்போடு விட்டிருக்கிறேன். சாவியின் பொத்தானை அமுக்கினால் மூச்சில்லை. உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவு திறந்தது. வண்டி மட்டும் கிளம்பவில்லை. ஐந்து பேரும் ஈர வெட்சூட்டோடு உள்ளே உட்கார்ந்து, ஹீட்டரும் இயங்காத நிலையில் சாவியைக் கைக்குட்டையில் துடைத்து, பேட்டரியைக் கழற்றி ஊதி, மாற்றி மாற்றி அக்குளில் வைத்துச் சூடாக்கினோம். நாற்பது நிமிடம் கழித்துக் கிளம்பியது.

சாவியை முதலில் ஒரு ஜிப் பையில் போடுங்கள், அதை இன்னொரு ஜிப் பையில், அதைத் தண்ணீர் புகாத பையில். மாற்றுச் சாவி இருந்தால் வேறொருவரின் பையில். மடிப்பு மூன்று.